முதல் மிடறு

1

போன மாதம் பல்வலி தாங்காமல் ஒரு பல் டாக்டரிடம் போனேன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே டாக்டர் வெறுங்கையை என் வாய்க்குள் விட்டுத்தான் பார்த்தார். இந்த முறை இரண்டு கையிலும் ரப்பர் உறை, மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணி, கண்ணுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தகடு. வெல்டிங் பட்டறைக்காரர் மாதிரி என்மேல் குனிந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டு இல்லை, இப்போது எல்லாருக்கும் இப்படித்தான் என்று அவராகவே சொன்னார். வாய் திறந்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? நானும் இந்த ஒரு வருஷமாக அதே பயத்தோடுதான் இருக்கிறேன்.

அமெரிக்காவில் கிறிஸ்தவக் கண்ணோட்டத்தோடு வாழ்வது எப்படி என்று வாலிபர்களுக்கு எழுதும்படி நம் சபைப் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்து வெகு நாளாகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாம் பிரசங்கமாக வந்தது. பிரசங்கம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கோயில்குட்டி, மணி அடிப்பதும் கோயிலைப் பெருக்குவதும் அவர் வேலை. என் கடிதத்தை உபதேசியார் வாசித்துக் காட்டினால்தான் அவருக்கு விஷயம் தெரியும். ஆகவே அவருக்கும் விளங்கும்படி, நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டேன். "எழுதும் தம்பி. பேரை மட்டும் மாத்தும்" என்றார். ஜெயசீலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

2

ஜெயசீலன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பதை நெருங்குகிறவர், தனி ஆள். சான் ரமோனில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். நான் சான்டா கிளாராவில் கம்ப்யூட்டர் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இருவருக்கும் ஒரே அபார்ட்மென்ட் கட்டடம். அவர் மேல்மாடி, நான் கீழ்மாடி. அவருடைய காரில்தான் டிரைவிங் படித்தேன். ஃப்ரீவேயில் ஏறும் இடம் வந்தாலே எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். "கண்ணைத் திறந்துகொண்டு சாவும் தம்பி, எங்க போறம் எண்டாவது தெரியும்" என்பார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் எங்களுக்குத் தமிழ் ஆராதனை. ஓர் அமெரிக்க சபையார் காலை ஆராதனை முடிந்தபின் தங்கள் கோயிலை எங்களுக்குத் தருகிறார்கள். வேலூர், மதுரை, நாகர்கோவில், யாழ்ப்பாணம் என்று பல ஊர்க்காரர்கள் கூடுவோம். இங்கே செமினரியில் மேற்படிப்புப் படிக்கும் பால்ராஜ் போதகர் ஆராதனை நடத்துவார். அன்றைக்கே அப்பமும் திராட்சை ரசமுமாகத் திருவிருந்தும் உண்டு. அமெரிக்கர்கள் தட்டில் அடுக்கிய சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ரசம் எடுப்பார்கள். நாங்கள் நம் ஊர் வழக்கப்படி எல்லாரும் ஒரே பாத்திரத்தில்.

வெள்ளிக்கிழமைகளில் வேத ஆராய்ச்சி. பிளசன்டனில் ராஜமணி அங்கிள் வீட்டில் நடக்கும். அங்கிள் மெட்ராஸ்காரர், இங்கே வந்து வெகு காலமாகிறது, பெரிய மேனேஜர். நான் வந்த புதிதில் தன் குளிர்கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டவர். ஆபீசிலிருந்து புரொஜெக்டரைக் கொண்டு வந்து, ஹால் சுவரில் ஸ்லைடு போட்டுத்தான் பாடம் நடத்துவார். போன வருஷம் எடுத்த பொருள் கிறிஸ்தவ உலகக் கண்ணோட்டம். வேலைக்கு ஒரு ஸ்லைடு, கல்யாணத்துக்கு ஒன்று, பிள்ளை வளர்ப்புக்கு ஒன்று, அரசியலுக்கு ஒன்று. விசுவாசம் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சட்டை இல்லை, எதைப் பார்த்தாலும் அதன் வழியாகப் பார்க்க வேண்டும் என்பார். எனக்கு அது தேனாக இருந்தது. அப்பாவின் விசுவாசம் அவர் கையில் இருந்தது, மணிக்கயிறிலும் துடைப்பத்திலும். என் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்லைடையும் விடாமல் எழுதிக்கொண்டேன்.

அங்கிளின் மகள் ஷீலாவுக்குப் பதினைந்து வயது. காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு சிப்ஸ் எடுக்க ஹாலுக்கு வருவாள், சுவரைப் பார்ப்பாள், போய்விடுவாள். நாம் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோயிலுக்கு வந்தாலும் காரைவிட்டு இறங்குவதில்லை. அவளைப் பற்றி மட்டும் அங்கிளிடம் ஸ்லைடு இல்லை.

3

போன மழைக்காலத்தில் ஜெயசீலன் அண்ணனுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் உடம்பு தேறவே இல்லை. அந்த நேரம் அவருடைய கிரீன் கார்டு மனு கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அதற்கான மெடிக்கலில் அப்போது புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனையைச் சேர்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதையே அந்தப் பரிசோதனையும் சொன்னது. எய்ட்ஸ். இந்த வியாதி உள்ளவர்களுக்குக் கிரீன் கார்டு கிடையாது, விசேஷ அனுமதிக்கு எழுதிப் பார்க்கலாம், நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார் வக்கீல். திரும்பிப் போகலாம் என்றால் யாழ்ப்பாணத்தில் சண்டை. வீடு இருந்த தெருவே இல்லை என்று அவருடைய அக்கா கனடாவிலிருந்து எழுதியிருந்தார்.

எப்படி வந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் அவர் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். புஷ்பம் ஆன்ட்டியிடம். ஆன்ட்டி எங்கள் சபையில் ஜெபத்துக்குப் பேர் போனவர். "நீங்கள் மட்டும் ஜெபியுங்கோ, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். ஆன்ட்டியும் கையடித்துச் சத்தியம் செய்தார்.

எங்களிடம் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. யாருக்காவது ஆபத்து என்றால் ஒருவர் அடுத்தவருக்குப் போன் போட வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு. இப்படி ஒரு மணி நேரத்தில் சபை முழுவதும் முழங்காலில் நிற்கும். ஆன்ட்டி யோசித்திருக்கிறார். மனுஷரிடம் சொல்வது வேறு, ஆண்டவரிடம் சொல்வது வேறு. ஜெபச் சங்கிலி ஆண்டவருடைய காரியம். போனை எடுத்துவிட்டார்.

சங்கிலியில் கடைசி ஆள் நான், கல்யாணமாகாதவன் என்பதால். சங்கிலியில் எனக்கு முந்தியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எட்வின், ஜெயசீலனுக்கு எய்ட்ஸாம்பா. ஜெபம் பண்ணிக்கோ. வேற யாருக்கும் சொல்லிடாதே." சொல்வதற்கு வேறு யாரும் மிச்சம் இல்லை.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. அத்தனை பேரும் உண்மையாகவே ஜெபித்தார்கள். ராஜமணி அங்கிள் ஒரு நாள் முழுக்க உபவாசம் இருந்தார். அண்ணனுக்கு வாரம் தவறாமல் சாப்பாடு போயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். ரசம், குழம்பு, பொரியல் எல்லாம் தயிர் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில் வரும். கொடுக்கிற ஒவ்வொருவரும், டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிடு என்பார்கள். அண்ணன் அந்த டப்பாக்களைக் கழுவி ஜன்னல் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்.

"இது எங்கட சபை தம்பி" என்று அவற்றைக் காட்டிச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று அவருக்கு அந்த டப்பாக்களிலேயே புரிந்திருந்தது.

4

இங்கே என் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாசிக்கிற உங்களில் சிலருக்கு இது பிடிக்காது. அது எந்தச் சபை என்று தேட வேண்டாம்.

எங்கள் கோயிலில் முன் பெஞ்சுகள் மேலத்தெருக் குடும்பங்களுக்கு, பின் பெஞ்சுகள் கீழத்தெருக்காரர்களுக்கு. நாங்கள் கீழத்தெரு. இப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. திருவிருந்துக்கு முன் பெஞ்சிலிருந்து எழுந்து போவார்கள், எங்கள் முறை கடைசியில் வரும். சின்ன வயதில் அப்பாவிடம் ஏன் என்று கேட்டேன். "ஏல, மொதல்ல குடிச்சா என்ன, கடைசில குடிச்சா என்ன? ரசம் ஒண்ணுதாம்ல" என்றார். கோயிலில் துரும்பு கிடந்தாலும் அப்பாதான் எடுக்க வேண்டும். திருவிருந்துப் பாத்திரத்தைக் கழுவ மட்டும் மேலத்தெருவிலிருந்து ஆள் வரும்.

திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளும் திடப்படுத்தலை நான் எடுத்த வருஷம் புது ஐயர் வந்தார். போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். என் முதல் திருவிருந்து அன்று அவர் பீடத்தில் நின்றுகொண்டு, இன்றைக்குப் பின் பெஞ்சிலிருந்து வாருங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. நாங்கள் போனோம். பாத்திரத்தை விளிம்புவரை ரசத்தோடு அன்றுதான் பார்த்தேன். குடித்துவிட்டுத் திரும்பினால், முன் பெஞ்சுகளில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. உட்கார்ந்தே இருந்தார்கள். ஆசீர்வதித்த ரசத்தை மறுபடி சீசாவில் ஊற்ற முடியாது, கீழேயும் கொட்டக் கூடாது. ஐயர் காத்திருந்து பார்த்தார். பிறகு முழு சபையும் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சமிருந்த அவ்வளவையும் அவரே நின்று குடித்தார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார்.

அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல். ஐயர் எங்களை முதலில் கூப்பிட்டதைப் பற்றி அப்பா பேசவே இல்லை. "பாவம்ல, அந்த மனுசன் ஒத்தையில குடிச்சாரே" என்று மட்டும் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிளசன்டனில் ராஜமணி அங்கிள் வீட்டு சோபாவில் கமிட்டிக் கூட்டத்துக்கு உட்கார்ந்தபோது என் தலைக்குள் இந்த ஐயர்தான் நின்றார்.

கமிட்டியில் நாங்கள் ஐந்து பேர். அங்கிள் தலைவர். புஷ்பம் ஆன்ட்டி. பால்ராஜ் போதகர். சுகந்தி ஆன்ட்டி, இவர் ஆஸ்பத்திரியில் டாக்டர். கூட்டக் குறிப்பு எழுத நான். அங்கிள் சுற்றி வளைக்கவில்லை. அமெரிக்க சபையின் தட்டுகளும் குப்பிகளும் அலமாரியில் சும்மாதான் இருக்கின்றன, இனி நாமும் அதில் எடுப்போம் என்றார். ஜெயசீலன் பெயரைச் சொல்லவில்லை. சுகாதாரம் என்றார்.

எல்லாரும் சுகந்தி ஆன்ட்டியைப் பார்த்தோம். பாத்திரத்தால் இந்த வியாதி ஒட்டியதாக இதுவரை எங்கும் தெரியவில்லை, மருத்துவப்படி மாற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று ஆன்ட்டி சொன்னார். சற்றுப் பொறுத்து, ஆனாலும் ஜனங்கள் பயந்தால் அதையும் பார்க்கத்தான் வேண்டும், மாற்றினால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

எனக்கு ஆட்சேபணை உண்டு என்றேன். அதுவரை அந்த வீட்டில் நான் கேள்வி கேட்டிருக்கிறேன், எதிர்த்துப் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை பாடத்தில் எதையும் பயத்தின் வழியாகப் பார்க்கக் கூடாது என்று சொன்னீர்களே என்றேன்.

அங்கிள் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எட்வின், நீ பேச்சிலர். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னோட போச்சு. எனக்கு வைஃப் இருக்கா, டாட்டர் இருக்கா. ஸ்லைடுல எழுதறது ஈசிப்பா."

புஷ்பம் ஆன்ட்டி அழ ஆரம்பித்தார். தன்னால்தான் எல்லாம் வந்தது என்றார். யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

கடைசியில் போதகர் ஒரு வழி சொன்னார். தட்டும் இருக்கட்டும், பாத்திரமும் இருக்கட்டும். வேண்டியவர் வேண்டியதில் எடுக்கட்டும். ஜெயசீலன் மட்டும் எல்லாரும் குடித்து முடித்தபின் கடைசியாக வரட்டும். சொல்லி முடித்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அங்கிள் என் தோளைத் தட்டினார். எனக்கும், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. பாத்திரமும் நிலைத்தது, அவருக்குப் பின்னால் நான் குடிக்க வேண்டிய தேவையும் இல்லை. அண்ணனிடம் போய்ச் சொல்லும் வேலையைக் குறிப்பு எழுதுகிறவனிடமே கொடுத்தார்கள்.

வெளியே வந்தபோது ஷீலா வாசல்படியில் இருந்தாள். கதவு வழியாக எல்லாம் கேட்டிருக்கிறாள். "யு கான்ட் கெட் இட் ஃப்ரம் எ கப். எவ்ரிபடி நோஸ் தட்" என்றாள். ஸ்கூலில் படம் போட்டுக் காட்டினார்களாம். பிறகு வாக்மேனை மாட்டிக்கொண்டாள்.

5

மறுநாள் விசேஷ அனுமதி விஷயமாக அண்ணன் சான் பிரான்சிஸ்கோ இமிக்ரேஷன் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்கு இப்போது அவ்வளவு தூரம் ஓட்ட முடிவதில்லை, நான்தான் ஓட்டினேன். எனக்குச் சளி பிடித்திருந்தது. கியூவில் பாதி நாள் நின்றோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அவர் பேரைக் கூப்பிட்டது, யாரோ ஒரு ஸ்பானியரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. மனு கிடைத்தது, பதில் தபாலில் வரும் என்றாள். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் கமிட்டி முடிவைச் சொன்னேன்.

"கடைசியில தானே? வாறன்" என்றார். "அவையும் என்ன செய்யிறது. பிள்ளைகுட்டிக்காரர்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேச வாயெடுத்தேன், தும்மல் வந்தது. அடுத்தடுத்து வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். குளிர்காற்று உள்ளே அடித்தது. கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஆகாது என்றேன்.

"குறை நினைக்காதேயும் தம்பி. தடிமன்காரரோட இருக்க வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர். உமக்கு மூண்டு நாளில மாறும். எனக்கு மாறாது."

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி ஆன்ட்டிக்கு ஆஸ்பத்திரியிலேயே போன் போட்டேன். கடைசியில் குடித்தால் அண்ணனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். மறுமுனையில் யாரையோ அழைக்கும் ஒலிபெருக்கி மட்டும் கேட்டது.

"அத்தனை பேர் வாய் வச்ச கப்பு" என்றார் ஆன்ட்டி. "பாதிப் பேருக்கு இருமல். அவருக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாது. எட்வின், நான் டாக்டர். நமக்கு என்ன ஆகும்னுதான் யோசிச்சேன். அவருக்கு என்ன ஆகும்னு யோசிக்கவே இல்ல."

அவருக்கு எது நல்லது என்று கேட்டேன். தட்டிலிருந்து ஒரு தனிக் குப்பி எடுப்பதுதான் பத்திரம் என்றார். அது இல்லையென்றால் பாத்திரத்தில் எல்லாருக்கும் முன்னால், முதல் ஆளாக.

"அவருக்கு அடுத்துக் குடிக்கிறவனுக்கு?"

"ஒண்ணும் ஆகாது."

"நிச்சயமா?"

"நமக்குத் தெரிஞ்ச வரைக்கும்."

இரண்டு நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. நான் யாருக்காகச் சண்டை போட்டேன்? ஒரே பாத்திரம் என்று நான் அடம்பிடித்தது எங்கள் ஐயருக்காக, அப்பாவுக்காக, பின் பெஞ்சுக்காக. ஜெயசீலன் அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அங்கிள் தன் பயத்தின் வழியாகப் பார்த்தார் என்றால் நான் என் காயத்தின் வழியாகப் பார்த்திருக்கிறேன். இதற்கு அங்கிள் ஸ்லைடு போட்டதில்லை.

சளி முழுக்க விட்டபின் மாடி ஏறினேன். சுகந்தி ஆன்ட்டி சொன்னதைச் சொல்லி, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டேன். தனிக் குப்பி நல்லது என்பதை அழுத்தியே சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரியில எனக்குப் பேப்பர்த் தட்டு, பேப்பர்க் கிளாஸ். சாப்பாடு கொண்டு வாற பிள்ளை கதவடியில வச்சிட்டுப் போயிடும். நீர் கொண்டு வாறது தயிர் டப்பா. நான் குறை சொல்லேல்ல. அந்தச் சின்னக் கிளாசைத் தந்தால் நான் எடுப்பன். ஆனா வாயில வைக்கேக்க அதுவும் ஒரு பேப்பர்க் கிளாசாத்தான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு பாத்திரம்தான் எண்டால் முதல் வாறன். ஒருத்தரும் எனக்குப் பின்னால வரோணும் எண்டு இல்லை. அதையும் போய்ச் சொல்லும்."

போய்ச் சொன்னேன். போதகர் ஒத்துக்கொண்டார், முகம் வெளிறித்தான் இருந்தது. அங்கிள் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி என்று மட்டும் சொல்லி வைத்தார்.

6

அந்த ஞாயிறு கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். வராமலிருக்க நினைத்தவர்களும் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வந்திருந்தார்கள். பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மேசையில் தட்டும் குப்பிகளும். நடுவில் பாத்திரம். இதில் வேண்டியவர்கள் இதில், அதில் வேண்டியவர்கள் அதில் என்று போதகர் அறிவித்தார். யார் பெயரும் சொல்லவில்லை. ஜெயசீலன் அண்ணன் எழுந்தார். கோட்டு அவர்மேல் தொங்கியது. நடுவழியாக மெதுவாக நடந்துபோய், பீடத்துக்கு முன்னால் கிராதியடியில் தனியாக முழங்கால் போட்டார்.

அடுத்து நான் எழுந்திருக்க வேண்டும். அப்படித்தான் தீர்மானித்து வந்திருந்தேன். வசனங்கள், எழுதி வைத்த பாடங்கள், டாக்டர் சொன்னது, எல்லாம் தலையில் வரிசையாக நின்றன. கால் எழும்பவில்லை. தெரிந்த வரைக்கும், தெரிந்த வரைக்கும் என்று ஆன்ட்டியின் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது. எனக்கு ஒன்று என்றால் அப்பாவுக்கு யார் கடிதம் எழுதுவார்கள் என்றுகூட நினைத்தேன். அதற்குள் போதகர் பாத்திரத்தை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். அவர் குடித்தார். போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கொடுக்க ஆள் இல்லை. அப்படியே நின்றார். கோயிலில் யாரோ செருமினார்கள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. தைரியம் வந்து எழவில்லை. அந்த நிற்பைப் பார்க்க முடியாமல் எழுந்தேன். அண்ணன் பக்கத்தில் முழங்கால் போட்டபோது அவர் தலையைத் திருப்பவில்லை. பாத்திரம் வந்தது. துடைத்த இடம் எது, திருப்பிய பக்கம் எது என்று என் கண் தேடியது. தேடியது என்பதை எழுதத்தான் வேண்டும். குடித்தேன்.

பின்னால் என்ன நடக்கிறது என்று முழங்காலில் இருக்கிறவனுக்குத் தெரியாது. காத்திருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பட்டுப்புடவை உரசும் சத்தம். சுகந்தி ஆன்ட்டி எனக்கு மறுபக்கத்தில் வந்து குனிந்தார். அவருக்கு அடுத்து, விசும்பிக்கொண்டே புஷ்பம் ஆன்ட்டி. பிறகு இன்னும் சிலர். எழுந்து திரும்பிப் பார்த்தபோது தட்டு மேசைக்கு முன்னால் நீளமாக வரிசை நின்றது. பாதிக்கு மேல் அங்கேதான். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ராஜமணி அங்கிளின் மனைவி பாத்திரத்துக்கு வந்தார். அங்கிள் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவர் இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. தட்டுக்குப் போவது அவருக்கு எவ்வளவு சுலபம். போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புரொஜெக்டர் ஹாலில் இல்லை. வேதப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கும் தெரியலப்பா, சேர்ந்து படிப்போம் என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஃப்ரீவேயில் ஏறியதும் ஜெயசீலன் அண்ணன், "பயந்தனீரோ?" என்று கேட்டார்.

"பயந்தேன் அண்ணே."

"தெரியும்" என்றார். "முன்னுக்குப் போறவனுக்குப் பின்னால ஆர் வருகினம் எண்டு தெரியாது. நான் குடிச்சிட்டு உம்மட சப்பாத்துச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு இருந்தனான். அது வர நேரம் எடுத்தது. நீர் வராட்டி நான் எப்பிடி எழும்பித் திரும்பி எல்லாற்ற முகத்தையும் பாக்கிறது எண்டு யோசிச்சன்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"அடுத்த மாசம் ஒண்டாப் போவம்" என்றார். "நான் முதல் குடிக்கிறன். ஆனா நீர் எனக்குப் பக்கத்தில முழந்தாள் போட்டாப் பிறகுதான் குடிப்பன்."

இப்போது அப்படித்தான் போகிறோம். இமிக்ரேஷன் ஆபீசிலிருந்து இன்னும் பதில் இல்லை. அண்ணனுக்கு இந்த மழைக்காலத்தில் இருமல் நிற்கவில்லை. திருவிருந்துக்கு முந்தின வாரமெல்லாம் எனக்குத் தும்மல் வந்தாலே பயமாக இருக்கிறது; முன்னே அவரால் எனக்கு என்று பயந்தேன், இப்போது என்னால் அவருக்கு. போன மாதம் அவரால் தனியே நடக்க முடியவில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். இருவரும் கிராதியடியில் இறங்கியபோது பாத்திரத்தோடு நின்ற போதகர், இன்னும் யாருக்கோ காத்திருக்கிறவர்போல் எங்களைத் தாண்டிப் பார்த்தார். திரும்பிப் பார்த்தேன். ராஜமணி அங்கிள் எழுந்து நின்றிருந்தார். நடுவழிக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டார். ஜெயசீலன் அண்ணனுக்கு அது தெரியாது. நான் திரும்பியதைக் கவனித்து, முழங்காலில் இருந்தபடியே, "ஆர் தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

அங்கிள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன்.